நிகத் சொன்னாளா

1

இந்தக் கதை ஒரு மறுப்பில் பிறந்தது. 'நிகத் சொன்னாளா?' என்று பெயரிட்டுச் சேமிக்கப் போனேன். கேள்விக்குறி ஆகாது என்றது கணினி. [கடிதம் எழுதிப் பழகிய கை, இடமும் பொருளும் போடாமல் உள்ளே போக வராது. இடம்: ஓசூர். பொருள்: ஒரு சாய்கோடு.]

2

தொழிற்பேட்டையின் மேல் காலை வெயில் மெல்ல— (வேண்டாம். வெயிலுக்கு இங்கே வேலையில்லை.)

நிகத், பிரேக் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் ஆய்வறிக்கைகளைக் கணினியில் ஏற்றுகிறவள். ஆறு மாத டிரெயினி. வெள்ளிக்கிழமை பர்மனென்ட் ஆர்டர் வரவேண்டும். அங்கே இரண்டு பாகங்கள்: 30/4, 30-4. வாயால் சொன்னால் குழப்பமே கிடையாது. ஒன்று 'முப்பது பை நாலு', மற்றது 'முப்பது டேஷ் நாலு'. கோப்பின் பெயரில்தான் 'பை', அதாவது சாய்கோடு, ஏறாது.

(சாய்கோடு கணினிக்கு வாசற்படி. இந்த அறைக்குள் அந்த அறை என்று வழி சொல்ல அதையே வைத்திருக்கிறது; பெயருக்கு நடுவில் வாசற்படி வந்தால் உள்ளே நுழையப் பார்க்கும். கேள்விக்குறிக்கும் வேறு வேலை உண்டு: தேடும்போது 'இங்கே எந்த எழுத்தானாலும் சரி' என்று பொருள்.)

பை நாலின் அறிக்கையைச் சேமிக்கும்போது நிகத் 'பை'க்குப் பதில் டேஷ் போட்டாள். இதே பெயரில் ஒன்று இருக்கிறது, அழித்து இதை வைக்கவா என்று கேட்டது. வேலை அவசரத்தில் ஆமாம் என்று அழுத்திவிட்டாள்.

காலையில் ஆய்வுப் பிரிவு முனிலட்சுமி அளந்து, துளை பெரிது என்று தள்ளிய டேஷ் நாலின் அறிக்கை போயிற்று. அதன் பெயரில் இப்போது பை நாலின் 'பாஸ்'. முனிலட்சுமி ஷிஃப்ட் முடிந்து கிளம்பிவிட்டாள். தள்ளியது இப்போது அங்கே நிகத்துக்கு மட்டும்தான் தெரியும்.

3

டிஸ்பாட்ச் முத்துக்குமார் எட்டிப் பார்த்தார்.

"என்ன நிகத்து, டேஷ் நாலு பாஸாயிருச்சே. லேட்டானா ஜூஜுவாடி டிராஃபிக்ல வண்டி மாட்டிக்கும், ஏத்திரட்டுமா?"

"ஒரு நிமிசம்ணா."

"நிமிசம் நிமிசம்னே ஆறு மாசத்த ஓட்டிட்ட. வெள்ளிக்கிழமைக்கு ஸ்வீட் சொல்லிட்டயா?"

(முதல் பிரதியில் உடனே சொல்லிவிட்டாள். அத்தனை தைரியம் என்னுடையது; எனக்கென்ன, போவது என் வேலையா? இரண்டாம் பிரதியில் வாயே திறக்கவில்லை. லாரி போயிற்று. பிறகு யாரோ ஒருவர், ஏதோ ஒரு சரிவில், பிரேக்கை மிதித்து— முடிக்க முடியவில்லை.)

4

சரக்கு ஏறியாயிற்று, லாரியில் தார்ப்பாய்க் கயிற்றை இழுத்துக் கட்டுகிறார்கள். நிகத் எழுந்து வாசல்வரை வந்துவிட்டாள்.

"அண்ணா," என்றாள்.

முத்துக்குமார் திரும்பினார்.

கேள்விக்குறியை எடுத்துவிட்டுச் சேமித்தேன், ஏற்றுக்கொண்டது. கேள்வி மட்டும் போகவில்லை. அது குறியில் இல்லை, கடைசி 'ளா'வின் துணைக்காலில் நிற்கிறது. அந்தக் காலை எடுத்துப் புள்ளி வைத்தால் 'சொன்னாள்'. கணினி தடுக்காது, நான்தான் வைக்காமல் விட்டேன்.

லாரி ஸ்டார்ட் ஆகிவிட்டது. புள்ளி உங்களிடம்.