ஸ்ரீ தெராத்தாய் பிளாட்டின் வலது கைகள்

செந்தூல் ஸ்ரீ தெராத்தாய் பிளாட்டில் கன்னையாவைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கத் தூக்கப்பட்ட வலது கைகள் அதன்பிறகு கீழே இறங்கவில்லை. கூட்டம் கார் நிறுத்துமிடத்தில் நடந்தது. வெயில் கொஞ்சம் அதிகம். வந்தவர்களுக்குக் கரிபாப்பும் பாக்கெட் பானமும் கொடுத்தார்கள். அந்த வருடம் தண்ணீர்த் தொட்டியைப் பழுது பார்த்தவர் கன்னையாதான் என்பதால் அது நியாயமான தேர்வு என்றே எல்லோரும் நினைத்தார்கள். செயலாளர் ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம் என்றார், தூக்கினார்கள். நன்றி, இறக்கலாம் என்றார், யாராலும் முடியவில்லை. சுளுக்கு என்று நினைத்து ஒருவர் தோளை ஒருவர் பிடித்துவிட்டுக்கொண்டார்கள். கிளினிக் டாக்டர் ஆளுக்கொரு தைலம் எழுதிக் கொடுத்தார், அடுத்த வாரம் தைலம் ஐம்பது காசு ஏறியது, அதோடு மருத்துவ உலகம் அந்த விஷயத்தைக் கைவிட்டது.

பழகிவிட்டார்கள். தையல்காரி புஷ்பவல்லி வலது பக்கம் ஸிப் வைத்த சட்டைகளைத் தைத்து நல்ல நிலைக்கு வந்தாள். கொமுட்டர் ரயிலில் இவர்களுக்குப் பிடி தேடும் தொல்லையே இல்லை. இடக்கையால் சாப்பிடுவதுதான் கஷ்டமாக இருந்தது. அதைக் கதவைச் சாத்திக்கொண்டு, பிள்ளைகளைத் திரும்பி உட்காரச் சொல்லிவிட்டுச் சாப்பிட்டார்கள். வெளியே யாரும் இடக்கையால் எதையும் கொடுக்கவோ வாங்கவோ மாட்டார்கள், மளிகைக் கடைக்காரன் மிச்சத்தைச் சட்டைப் பையில் போட்டு அனுப்புவான்.

குடியிருப்புப் பெரியவர்களில் குமுதாவின் கை மட்டும் இறங்கியே இருந்தது. கூட்டம் நடந்த அன்று அவளுக்குக் கிள்ளானில் கையுறைத் தொழிற்சாலையில் ஷிப்ட். வீட்டுக்கு வந்து பார்த்தால் கணவன் விஜயன் சோபாவில் கையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். யாரையோ கூப்பிடுகிறான் என்று நினைத்து அவள் திரும்பிப் பார்த்தாள். விஜயன் பந்திங் செம்பனைத் தோட்டங்களுக்கு உரம் ஏற்றிப்போகும் லோரி ஓட்டுபவன். இடக்கை கியருக்குப் போய்விடும், ஸ்டியரிங்கைப் பிடிக்க வலக்கைதான் வேண்டும். அந்தக் கை கூரையைப் பார்த்துக்கொண்டிருந்ததால் கம்பெனி வேறு ஆளை வைத்துக்கொண்டது. அதிலிருந்து அவன் அதிகம் பேசுவதில்லை. வீட்டுக்கு வெளியே எந்த லோரி போனாலும் சத்தத்தை வைத்தே என்ன மாடல் என்று முணுமுணுப்பான். அதைக் கேட்கும்போதெல்லாம் குமுதா எழுந்துபோய் ஜன்னலைச் சாத்துவாள்.

கன்னையாவின் ஆட்சியில் வருடாந்தரக் கூட்டம் ஒரு முறைகூடத் தவறியதில்லை. ஆதரிப்பவர்கள் என்று செயலாளர் கேட்பார், நிமிர்ந்து பார்ப்பார், எல்லாக் கையும் மேலேதான் இருக்கும், ஏகமனதாக நிறைவேறியது என்று சொல்லுவார். எதிர்ப்பவர்கள் என்றும் கேட்பார். அப்போதும் எல்லாக் கையும் மேலேதான் இருக்கும், ஆனால் அந்த நேரம் அவருக்குப் போனில் ஏதாவது மெசேஜ் வந்துவிடும். இப்படியே தலைவர் பதவி ஆயுளுக்கும் ஆனது. காவலுக்குக் கிஷன் என்பவன் தலைமையில் பத்துப் பதினைந்து பையன்கள் இருந்தார்கள். தேர்தலன்று இரண்டு கையிலும் ஹெல்மெட்டோடு கூட்டத்தைச் சுற்றி நின்றதால் அவர்கள் கை தூக்கியிருக்கவில்லை, ஆகவே அவர்களுக்கு எல்லாக் கையும் வேலை செய்தது. அடிப்பதற்கும் அந்த ஹெல்மெட்தான். அடுத்த தேர்தல் எப்போது என்று கேட்ட ஒரு வாத்தியார் லிப்ட் குழிக்குள் கிடந்தார். லிப்ட்தான் ஓடுவதே இல்லையே, அதில் எப்படி விழ முடியும் என்று கன்னையா கேட்டார், போலீசுக்கும் அது சரியாகப் பட்டது. மூன்றாம் மாடி ஏர்கோன் மெக்கானிக் ஜாபர் அலி தன் மணிக்கட்டில் கயிற்றைக் கட்டி மறுமுனையை வேனில் கட்டிக் கையை இடுப்புவரை இறக்கிவிட்டார். மறுநாள் காலை, மனைவி நஸ்ரின் பார்த்துக்கொண்டிருக்க, கிஷன் அந்தக் கையைப் படிக்கட்டு விளிம்பில் வைத்து இரண்டு இடத்தில் உடைத்தான். மாவுக்கட்டோடு அது மறுபடி மேலே போய் நின்றுகொண்டது.

அந்த வருடக் கடைசியில் ஏதோ ஒரு குளிர் நாட்டு அறக்கட்டளை பிரிக்பீல்ட்ஸ் ஹோட்டல் ஒன்றில் ஜனநாயகப் பட்டறை நடத்தியது. குமுதா விஜயனையும் ஜாபர் அலியையும் இன்னும் சிலரையும் வேன் பிடித்து அழைத்துப்போனாள். பாடம் நடத்த வந்த வெள்ளைக்காரப் பெண்மணிக்கு மேடை ஏறியதுமே கண் கலங்கிவிட்டது. எத்தனையோ நாடுகளுக்குப் போயிருக்கிறேன், இவ்வளவு பேர் கேள்வி கேட்கத் துடிப்பதை எங்கும் பார்த்ததில்லை, தயவுசெய்து ஒவ்வொருவராகக் கேளுங்கள் என்றாள். குமுதா மதிய உணவு இடைவேளையில் அவளைத் தனியாகப் பிடித்து முழுக் கதையையும் சொன்னாள். அறக்கட்டளை ஆழ்ந்த கவலை தெரிவித்தது. அடுத்த மாதம், செந்தூலில் நிலைத்தன்மை நிலவுவதைப் பாராட்டிக் கன்னையாவுக்கு ஒரு கேடயமும் ஆறு மாடிக்கும் சிசிடிவி கேமராக்களும் அனுப்பிவைத்தது. கேமராக்கள் தெளிவானவை. அடுத்த பட்டறைக்கு யார் யார் வேன் ஏறினார்கள் என்பது நன்றாகவே தெரிந்தது. அந்த வாரம் விஜயனுக்கு முன்பற்கள் போயின.

பல்லை டிஷ்யூவில் பொதிந்து கைப்பையில் வைத்துக்கொண்டு குமுதா கிள்ளானில் சிவநேசனைப் பார்க்கப் போனாள். சிவநேசன் இழுவை லோரி வைத்திருப்பவர். ஒடுக்கப்பட்ட குடியிருப்புகளை விடுவிப்பது அவருடைய இன்னொரு தொழில். சாலாக் செலாத்தானில் ஒரு பிளாட்டை விடுவித்திருந்தார். அங்கே இப்போது கொடுமைக்காரத் தலைவர் இல்லை, குடியிருப்பவர்களும் அதிகம் இல்லை, மொட்டை மாடியில் மாத வாடகை தரும் டெலிபோன் கோபுரங்கள் மட்டும் நன்றாக இருக்கின்றன. ஸ்ரீ தெராத்தாயின் மொட்டை மாடி அதைவிட அகலம் என்பது அவருக்கு ஏற்கெனவே தெரியும்.

"இது ஒங்க பிளாட் பிரச்சன இல்ல தங்கச்சி. மனித உரிமைப் பிரச்சன லா இது. நாங்க சும்மா பாத்துக்கிட்டு இருக்க முடியுமா?" என்றார் சிவநேசன்.

"வந்தா எப்பண்ணே திரும்பிப் போவீங்க?"

"வேல முடிஞ்சதும்."

"என்ன வேல?"

"அதெல்லாம் வந்து பாத்தாதான் தெரியும்."

விஜயனுக்கு இது பிடிக்கவில்லை. பல் இல்லாத வாயால், "ஏன்டி, நம்ம சண்டைக்குக் கிள்ளான்லேருந்து ஆள் கூப்பிடுற? வந்தவன் வெறுங்கையோட போவானா?" என்றான்.

"நீங்க மறுபடி லோரி ஓட்டணும்ங்க. எனக்கு வேற ஒன்னும் வேணாம்," என்றாள் குமுதா.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஜனங்கள் பாசாருக்குப் போய் மீனும் கீரையுமாகத் திரும்பும் நேரத்தில் மூன்று லோரிகள் வந்து நின்றன. இறங்கியவர்களிடம் இரும்புக் குழாயும் பாராங் கத்தியும் இருந்தன. குமுதா சொன்னபடியே சிவநேசன் அவர்களுக்கு எளிய கட்டளை ஒன்று கொடுத்திருந்தார். கை மேலே இருந்தால் நம்ம ஆள், தொடாதே, கீழே இருந்தால் போடு. முதல் கொஞ்ச நேரம் நன்றாகத்தான் நடந்தது. கிஷனின் பையன்களில் ஒருவனுக்குக் காது போனது, ஒருவனுக்கு மண்டை பிளந்தது, படிக்கட்டில் வழிந்த ரத்தத்தில் ஒரு கீரைக் கட்டு மிதந்து கீழ்த்தளம் வரை வந்தது. அதற்குள் கிஷன் நிலைமையைப் புரிந்துகொண்டு தன் வலக்கையைத் தூக்கினான். மிச்சமிருந்த பையன்களும் தூக்கினார்கள். நொடியில் அவர்கள் பாதிக்கப்பட்ட பொதுமக்கள் ஆகிவிட்டார்கள். பிளாட்டின் பெரியவர்களில் கை கீழே இருந்தவள் இப்போது குமுதா ஒருத்திதான். அவள் விலாவில் இரும்புக் குழாய் இறங்கியது.

"அண்ணே, நாந்தாண்ணே ஒங்களக் கூப்புட்டது!"

"எல்லாரும் அதத்தான் சொல்றாங்க அக்கா," என்று அடித்தவன் மரியாதையாகவே சொல்லிவிட்டு இன்னொன்று போட்டான். சிவநேசன் வந்து அடையாளம் காட்டிய பிறகுதான் விட்டார்கள்.

கன்னையா தண்ணீர்த் தொட்டிக்குள் ஒளிந்திருந்தார். அவரைக் காட்டிக்கொடுத்தவன் கிஷன், இழுத்து வந்தவன் கிஷன், தன் ஜனநாயகப் பற்றை நிரூபிக்க ஹெல்மெட்டால் முகம் முகமாக இல்லாமல் போகும்வரை அடித்துக் கொன்றவனும் கிஷன்தான். அவனையே சிவநேசன் புதிய காவல் தலைவனாக நியமித்தார். உள்ளூர் அனுபவம் முக்கியம் என்றார்.

பிறகு விடுதலை தொடங்கியது. சாயந்திரத்துக்குள் எல்லாக் கையும் கீழே இருக்க வேண்டும், பத்திரிகைக்குப் படம் எடுக்க வேண்டும் என்பது உத்தரவு. கார் நிறுத்துமிடத்தில் நிறுத்தி, ஒவ்வொருவர் கையையும் சிவநேசனின் ஆட்கள் நான்கு பேர் பிடித்துத் தொங்கினார்கள். கை இறங்கவில்லை. ஆள்தான் இறங்கினான். தோளோடு அறுந்து ஆள் சிமெண்டில் விழ, கை மட்டும் ஏற்கெனவே இருந்த உயரத்தில், விரல்களை விரித்தபடி காற்றிலேயே நின்றது. விஜயனைக் கடைசியில் பிடித்தார்கள். விலா எலும்பு முறிந்து கிடந்த குமுதா, "வேணாம், அப்படியே இருக்கட்டும், விட்டுடுங்க" என்று கத்தினாள். ஸ்டியரிங் பிடித்த நாட்களில் மணிக்கட்டுவரை வெயில் பட்டுக் கறுத்த கை அவளுக்கு மேலே நின்றது, அவன் அவள் பக்கத்தில் விழுந்தான். ஜாபர் அலி விழுந்தவர் எழவில்லை. அவரோடு இன்னும் சிலரும். கார் நிறுத்துமிடத்தை மூன்று முறை கழுவினார்கள், சோப்புத் தூள் தீர்ந்துபோனது.

அடுத்த வாரமே தேர்தல். சிவநேசன் நின்றார், வேறு யாரும் நிற்கவில்லை. ஆதரிப்பவர்கள் என்று செயலாளர், அதே செயலாளர்தான், கேட்டார். கீழே உட்கார்ந்திருந்தவர்களிடம் தூக்குவதற்கு வலக்கை இல்லை. மேலே காற்றில் நின்ற கைகள் நின்றபடியே நின்றன. அவை கட்டடத்தின் பொதுச் சொத்து என்பதால் அவற்றை எண்ணிச் சிவநேசன் ஏகமனதாகத் தேர்வானார் என்று அறிவிக்கப்பட்டது. மொட்டை மாடியில் கோபுரங்கள் முளைத்தன. லிப்ட் ஓடவில்லை.

குமுதா கட்டுப்போட்ட விலாவோடு சிவநேசனைப் போய்ப் பார்த்து, வேலை முடிந்துவிட்டதே, எப்போது போவீர்கள் என்று கேட்டாள். "நாங்க போயிட்டா இங்க ரத்த ஆறு ஓடும் தங்கச்சி," என்றார் சிவநேசன். அது உண்மையாகவும் இருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது. வீட்டுக்கு வந்து விஜயனுக்குச் சோறு பிசைந்து ஊட்டினாள். "என்னாலதான," என்றாள். அவன் அடுத்த கவளத்துக்கு வாயைத் திறந்தான். இரண்டு கவளம் சாப்பிட்ட பிறகு, "கூப்புட்டது நீ. கை தூக்குனது நான். இனி யாரையும் கூப்புடாத," என்றான்.

மழைக்காலத்தில் கோபுரங்களுக்கான ஜெனரேட்டர்களை வைக்கக் கீழ்த்தள வீடுகளைக் காலி செய்யும் தீர்மானம் கூட்டத்துக்கு வந்தது. குமுதாவின் வீடும் அதில் ஒன்று. எதிர்ப்பவர்கள் என்று செயலாளர் கேட்டுவிட்டுப் போனைப் பார்க்கக் குனிந்த நேரத்தில் விஜயன் எழுந்து நின்று இடக்கையைத் தூக்கினான்.

கூட்டத்தில் ஒரு அதிர்ச்சி பரவியது. இத்தனை வருடத்தில் யாருக்கும் இது தோன்றாமல் போனதற்குக் காரணம் பயம் மட்டுமல்ல, வெட்கமும்தான். நாலு பேர் முன்னால் இடக்கையைத் தூக்குவதை யாரும் கற்பனைகூடச் செய்ததில்லை.

"பீச்சாங்கையவா தூக்குற? மானம் இல்ல ஒனக்கு?" என்றான் கிஷன்.

"சோறே அதுலதான்டா திங்கிறேன்," என்றான் விஜயன்.

கிஷனின் ஹெல்மெட் விஜயன் மூக்கை உடைத்தது. கை இறங்கவில்லை. இரண்டாம் அடியில் தாடை நகர்ந்தது. கை இறங்கவில்லை. குமுதா எழுந்தாள். தனக்கு நல்ல வலக்கை இருந்தும் அதை விட்டுவிட்டு இடக்கையைத் தூக்கினாள். ஜாபர் அலியின் மனைவி நஸ்ரின் தூக்கினாள். தையல்காரி புஷ்பவல்லி தூக்கினாள். அப்புறம் எல்லோரும். கிஷன் மூன்றாவது அடிக்கு ஓங்கியபோது மேலே காற்றில் நின்ற வலது கைகள் இறங்கின.

சும்மா இறங்கவில்லை. எத்தனையோ வருடமாக மேலே இருந்த கைகள், வேகம் சேர்த்துக்கொண்டு முஷ்டியாக இறங்கின. கிஷனின் ஹெல்மெட் அவன் தலையோடு சேர்ந்து நசுங்கியது. சிவநேசன் லோரிவரை ஓடினார். கதவைத் திறக்க முடியவில்லை, கைப்பிடியை இன்னொரு கை பிடித்திருந்தது, மற்றவை அவரை அங்கேயே முடித்தன. அவர் ஆட்களில் பாதிப்பேர் கால் உடைந்து ரயில் நிலையம்வரை தவழ்ந்துபோய் டிக்கெட் வாங்கிக் கிள்ளானுக்குத் திரும்பினார்கள். அடி நின்றதும் இடக்கைகளை எல்லோரும் இறக்கிப் பார்த்தார்கள். இறங்கின. சந்தேகத்துக்கு இன்னொரு முறை தூக்கி இறக்கினார்கள்.

ஆளாளுக்குத் தங்கள் கையைப் பொறுக்கிக்கொண்டார்கள். எதுவும் தோளில் ஒட்டவில்லை, ஆனால் எல்லாம் சூடாக இருந்தன, சொன்னதைச் செய்தன. இறந்தவர்களின் கைகள் மட்டும் இறங்காமல் காற்றிலேயே நிற்கின்றன. அவற்றுக்கு ஓட்டு உண்டா இல்லையா என்று ஒவ்வொரு கூட்டத்திலும் சாயந்திரம்வரை சண்டை நடக்கிறது. நஸ்ரின் உண்டு என்கிறாள், புஷ்பவல்லி இல்லை என்கிறாள், இதுவரை ஒரு தீர்மானமும் நிறைவேறியதில்லை.

விஜயன் பந்திங் லோரிக்குத் திரும்பிவிட்டான். வலக்கையைக் காலையில் ஸ்டியரிங்கில் வைத்துவிட்டால் அது பாட்டுக்குப் பிடித்துக்கொள்கிறது. இடக்கை கியரில் இருக்க, நடுவில் அவன் உட்கார்ந்து வெற்றிலை மெல்லுகிறான். விடுமுறை நாட்களில் குமுதாவும் கூடப் போவாள், வளைவுகளில் அந்தக் கையைப் பார்த்து, மெல்ல, மெல்ல என்பாள். போன மாதம் பந்திங் சாலைத் தடுப்பில் ஒரு போலீஸ்காரர் லோரியை நிறுத்தி டார்ச் அடித்தார். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார், தோளைப் பார்த்தார், மறுபடி கையைப் பார்த்தார். லைசென்ஸ் கேட்டார். அந்தக் கைதான் எடுத்துக் கொடுத்தது. வலக்கையால் கொடுத்ததால் அவரும் மரியாதையாக வாங்கிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பின்விளக்கு ஒன்று எரியவில்லை, மாற்றிவிடுங்கள் என்று சொல்லி அனுப்பினார்.