முன்கூட்டியே குறித்த திகதி

ஒரு பிள்ளை எந்த நாளில் பெரியபிள்ளையாவாள் என்று ஒரு வருடத்துக்கு முன்பே யாருக்குத் தெரியும்? கலீனா எதையோ மறைக்கிறாள்.

கலீனாவின் வீட்டில் அளவுநாடாவைச் சுருட்டியபடி பாலாம்பிகை அதையே நினைத்தாள். கலீனா அவளோடு முதியோர் இல்லச் சமையலறையில் வேலை செய்பவள். ரஷ்யாவிலிருந்து பேர்லினுக்கு வந்த யூதப் பெண். மகள் மாஷாவுக்கு ‘பாட் மிட்ஸ்வா’ செய்யப் போகிறாளாம். பிள்ளை வயதுக்கு வருகிற கொண்டாட்டம் என்று சொல்லியிருந்தாள். நகரின் நொய்கெல்ன் பகுதித் தமிழ் வீடுகளில் பிள்ளைகள் பூப்படைந்ததும் செய்யும் சாமத்தியச் சடங்குகளுக்கு மேடை சோடிப்பது பாலாம்பிகையின் சனி ஞாயிறு வேலை. அவளுடைய மேடைப் படங்களின் அல்பத்தைப் பார்த்துவிட்டுத்தான் கலீனா கூப்பிட்டாள். திகதி 2007 மார்ச் பதினெட்டு. இப்போது நடப்பது 2006 ஏப்ரல்.

அப்படியென்றால் பிள்ளை ஏற்கனவே ஆகிவிட்டாள். மண்டபம் கிடைக்கும்வரை வெளியே சொல்லாமல் வைத்திருக்கிறார்கள்.

ஒளிப்பது எப்படி என்று பாலாம்பிகைக்குத் தெரியும். பொங்கலுக்கு மறுநாள், குளியலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து மகள் தேனுஜா சொன்னாள்: “அம்மா, ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. என்னை மேடையில இருத்தாதேங்கோ.” பாலாம்பிகை ஓம் என்றாள். கணவனுக்குக்கூடச் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து தொலைபேசி அடித்தால் தேனுஜா கதவோரம் வந்து நிற்கிறாள். அம்மாவை அவள் நம்பவில்லை.

“இந்த வெல்வெட் கதிரை வேண்டாம்,” என்றாள் கலீனா, அல்பத்தில் ஒரு படத்தைக் காட்டி, டொச் மொழியில். “ஆடும்போது பிள்ளையைக் கதிரையோடு தூக்குவார்கள். இதைத் தூக்கினால் என் தம்பியின் இடுப்பு போய்விடும்.”

மாஷா ஜன்னலோரம் ஒரு தாளைப் பார்த்து முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். முகம் கடுகடுத்திருந்தது. கட்டாயப்படுத்துகிறார்கள் என்று நினைத்த பாலாம்பிகை குரலைத் தாழ்த்தினாள்.

“அவளுக்கு எப்ப வந்தது?”

“எது?”

பாலாம்பிகை தன் அடிவயிற்றைத் தொட்டுக் காட்டினாள். கலீனா ஒரு கணம் விழித்தாள். பிறகு சிரித்தாள்.

“ஐயோ, அதற்கும் இதற்கும் என்ன? அவளுக்குப் பன்னிரண்டு வயதாகிறது, அவ்வளவுதான். சனிக்கிழமை தொழுகைக்கூடத்தில் வேதம் வாசிப்பாள். அடுத்த நாள் மண்டபத்தில் விருந்து. நீ கேட்டது வந்ததா இல்லையா என்று எனக்கே தெரியாது.”

அம்மாவுக்குத் தெரியாமல் இருக்குமா? பாலாம்பிகை நம்பவில்லை. அப்போது மாஷா தாளிலிருந்து தலை தூக்கினாள்.

“அம்மா, வேதத்தில் நான் வாசிக்கிற இந்தப் பகுதி எனக்குப் பிடிக்கவில்லை. பேச்சில் அதைச் சொல்லப் போகிறேன்.”

“சொல். காரணத்தோடு சொல்.”

எத்தனை பிள்ளைகளை மேடையில் இருத்தியிருக்கிறேன் என்று பாலாம்பிகை நினைத்துப் பார்த்தாள். சேலையின் நிறம் ஞாபகம் இருந்தது, பூக்கள் ஞாபகம் இருந்தன. ஒரு பிள்ளையின் குரலும் ஞாபகத்துக்கு வரவில்லை.

அன்று பின்னேரம் டோட்முண்டிலிருந்து வசுந்தரா தொலைபேசி எடுத்தாள். கணவனின் அக்கா. போன மாதம் வந்தபோது குளியலறை அலுமாரியைத் திறந்து துழாவிவிட்டுப் போனவள்.

“என்ரை பிள்ளைக்கு யூலையில மண்டபம் எடுத்தாச்சு. உன்ரையையும் பக்கத்தில இருத்துவம். ஊர்ப் பிள்ளையளுக்கெல்லாம் மேடை போடுறாய், உன்ரை பிள்ளைக்கு மட்டும் என்ன வெக்கம்?”

தேனுஜா கதவோரம் வந்துவிட்டாள். இதுவரை மூன்று தடவை, “இன்னும் இல்லை மச்சாள்” என்று சொன்ன பொய் நுனிநாக்கில் இருந்தது. மகளின் கண்கள் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன.

“எண்டைக்கு ஆனவள் எண்டு மட்டும் சொல்லு. ஐயரைக் கேட்டு நாள் வைக்கிறன்.”

“அதை என்னட்டைக் கேக்காதேங்கோ மச்சாள்.”

“அப்ப ஆகீட்டாள். மறைச்சுப்போட்டாய்.”

“அதையும் சொல்லமாட்டன்,” என்றாள் பாலாம்பிகை மெதுவாக. “உங்கடை பிள்ளையின்ரை மேடையை நானே வந்து சோடிச்சுத் தாறன். ஒரேயொரு கதிரைதான் கொண்டு வருவன்.”