காயாத போர்வை

மழைக்காலத்தில் உப்பளம் தண்ணீருக்குள் கிடக்கும். தை பிறந்து பாத்தி மிதிக்கக் கூப்பிடும்வரை வேலம்மாளுக்குப் பிள்ளை குளிப்பாட்டும் வேலைதான். அந்த மார்கழியில் மெஹரூன்னிசா வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

முன்கட்டு ஓடு. மருமகள் ஹசீனா பிள்ளையோடு படுத்திருந்த பின்கட்டு கீற்றுக் கொட்டகை. கயிற்றுக் கட்டிலுக்கு அடியில் நெருப்புச் சட்டி. பெற்றவளுக்கும் பிள்ளைக்கும் குளிர் ஏறாமல் நாற்பது நாளும் அது கனிந்தபடி இருக்க வேண்டும். கட்டிலின்மேல் போர்வை. சவுதியில் தம்மாமிலிருந்து மகன் கமாலுதீன் ஆள் பிடித்து அனுப்பியது. ஆட்டுக்குட்டி போல மெத்தென்றிருக்கும். நடுவில் ஒரு புலி.

கூடவே ஒரு கேசட்டும் வந்திருந்தது. "புள்ளைக்குக் குளிரு ஆவாதும்மா" என்று அதில் அவன் குரல். மெஹரூன்னிசா தினமும் போட்டுக் கேட்டாள். போன மார்கழியில் முதல் பிள்ளை சளி கட்டி இறந்துபோயிருந்தது.

பன்னிரண்டாம் நாள் போர்வையை உதறி மடிக்கும்போது வேலம்மாளின் விரலில் ஏதோ கீறியது. தொங்கும் ஓரத்தில் ஒரு சாண் நீளத்துக்குப் போர்வையின் முடி சட்டிச் சூட்டில் உருகி, கறுத்து இறுகியிருந்தது.

அவள் புருஷன் கலியன் உப்பு லாரிக்கு லோடு கட்டுகிறவன். நைலான் கயிற்றை அறுத்தால் முனை பிரியாமலிருக்க பீடி நெருப்பில் காட்டுவான். அது உருகிச் சொட்டும். சொட்டுவதிலும் நெருப்பு இருக்கும். விரலில் பட்டால் தோலோடுதான் வரும்.

"பாயம்மா, இது சீலை மாதிரி இல்லீங்க. சீலைன்னா கருகுற வாடை வரும், முழிச்சுக்கலாம். இது நைலான் மாதிரி ஒட்டிக்கும். சட்டிய கொஞ்சம் தள்ளி வெச்சிரலாம்ங்க."

"தள்ளி வெச்சுக் குளிரு ஏறினா நீ பாப்பியா?"

"அப்ப போர்வையாச்சும் வேணாம்ங்க."

மெஹரூன்னிசா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "வந்த அன்னிக்கே தடவித் தடவிப் பாத்த. அப்பவே நெனச்சேன், உன் கண்ணு அதுமேலதான்னு."

வேலம்மாள் போர்வையை மடித்துக் கட்டிலிலேயே வைத்தாள். கண் என்று சொல்லியாகிவிட்டது. இனி பிள்ளைக்கு உடம்பு சுட்டாலும் அவள் கண்தான்.

மறுநாள் குளிப்பாட்டி முடித்து மிச்சத் தண்ணீரைக் கட்டிலோரமாக எடுத்துப் போகையில் குண்டான் சாய்ந்தது. புலி முழுக்க நனைந்தது. பிழிந்து மதில்மேல் போட்டார்கள். மார்கழிப் பனியில் அது காய மூன்று நாள் ஆயிற்று. அதுவரை ஹசீனா பழைய சீலையை நாலாக மடித்துப் போர்த்திக்கொண்டாள்.

காய்ந்து கட்டிலுக்கு வந்த அன்று குண்டான் மறுபடி சாய்ந்தது.

"கையில எலும்பு இருக்கா இல்லியா உனக்கு?" என்றாள் மெஹரூன்னிசா.

"குளிருக்கு நடுங்குதுங்க."

மாமியார் அந்தண்டை போனதும் ஹசீனா கேட்டாள். "கால் தட்டிச்சாக்கா?"

"ஆமா கண்ணு."

"அங்க தட்டுறதுக்கு ஒண்ணும் இல்லியே."

வேலம்மாள் குண்டானைக் கீழே வைத்தாள். ஈரப் போர்வையின் ஓரத்தைத் திருப்பி அவள் கையில் வைத்தாள். ஹசீனா அந்தக் கறுப்பை நகத்தால் சுரண்டினாள். பிறகு குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். பிள்ளையைக் கொஞ்சம் இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"மாமிகிட்ட நான் பேச முடியாதுக்கா. மொத புள்ள போனதுக்கே நான் சரியாப் போத்தலன்னு இருக்காங்க."

மூன்றாம் முறை நனைந்தபோது மெஹரூன்னிசா சத்தம் போடவில்லை. எப்போதும்போல டம்ளர் நிறைய காபி கொடுத்தாள். குடித்து முடிக்கும்வரை நின்றாள்.

"நாளைக்கு வேற ஆளு வருது, வேலம்மா. நீ அளத்துக்கே போ."

வேலம்மாள் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். பின்கட்டுப் பக்கம் பார்க்காமல் வெளியே வந்தாள்.

முதல் நாள் போர்வை மதில்மேல் கனத்துத் தொங்கும் என்று நினைத்துக்கொண்டாள். இரண்டாம் நாள் ஓரம் மட்டும் காயும். மூன்றாம் நாள் வெயில் நன்றாகவே அடித்தது. வீட்டில் உலை வைத்துவிட்டு வானத்தையே பார்த்தாள்.

நாலாம் நாள் காலை உப்பளத்துக்கு வரச் சொல்லி ஆள் வந்தது. நேர் வழி இருந்தும் அவள் மெஹரூன்னிசா வீட்டுப் பின்சந்தில் திரும்பினாள்.

மதில்மேல் புலி தலைகீழாகத் தொங்கியது. அதன் காதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

உள்ளே மெஹரூன்னிசாவின் குரல். "உனக்குமாடி கை நடுங்குது?"

"ஆமா மாமி," என்றாள் ஹசீனா. "குளிரு."