அமைச்சர் தொட்ட பன்றி

எங்கள் தீவின் விமான நிலையத்துக்கு ஒரு வழியாகக் கட்டடம் வந்தது. அதுவரை பயணிகள் மாமரத்தடியில் நின்றார்கள். இனிமேல் தகரக் கூரையின் கீழே நிற்கலாம். ‘வருகை’ என்று ஒரு வாசல், ‘புறப்பாடு’ என்று ஒரு வாசல். இரண்டும் ஒரே புல்தரையில்தான் திறந்தன. விமானம் அந்தப் புல்லில்தான் இறங்கும், மற்ற நேரங்களில் மாடு மேயும். மாட்டை விரட்டுவது, மூட்டைகளை நிறுப்பது, அதே தராசில் பயணிகளையும் ஏற்றி நிறுப்பது எல்லாம் என் வேலை. கட்டடம் வந்ததும் என்னை ‘நிலைய மேலாளர்’ ஆக்கினார்கள். சம்பளம் ஏறவில்லை, தலையில் ஒரு தொப்பி ஏறியது.

திறந்துவைக்கப் போக்குவரத்து அமைச்சரே தலைநகர் விலாவிலிருந்து வருவதாக ஏற்பாடு. அவர் வருவதற்கு முந்தின நாள் என் மனைவி லெய்மாரா விறகு பிளக்கும்போது சிம்பு ஒன்று தெறித்து அவளுடைய இடது கண்ணில் ஏறிவிட்டது.

“உள்ள ஆழமா இருக்கு. நான் தொட்டா இன்னும் கெட்டுடும்” என்றாள் மருந்தகத்து நர்ஸ். “ஆஸ்திரேலியாக் கண் டாக்டர் விலாவுல இருக்கார். நாளைக்கு ராத்திரி ஊருக்குக் கிளம்பிடுவார். அதுக்குள்ள காட்டுனா கண்ணு தப்பும்.”

படகில் போனால் டாக்டர் ஊர் போய்ச் சேர்ந்த பிறகுதான் நாங்கள் விலா போய்ச் சேருவோம். அடுத்த விமானம் வியாழக்கிழமை. ஆனால் அமைச்சர் திரும்பும் விமானத்தில் ஓர் இருக்கை காலியாக இருந்தது. நிலைய மேலாளர் என்ற முறையில் அதை என் மனைவிக்கே ஒதுக்கினேன். பதவியால் நான் கண்ட சுகம் அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் மழை கொட்டிப் புல்தரை சொதசொதவென்று ஆகிவிட்டது. அமைச்சர் வெள்ளைச் செருப்போடு அதில் இறங்கினார், பின்னாலேயே அவருடைய செயலாளர், படக்காரர், காவலர். நாடாவை வெட்டினார். பேசினார்.

“இனிமே இந்தத் தீவுல ஒரு நோயாளிகூட விமானம் கிடைக்காம தவிக்க மாட்டார்!”

எல்லோரும் கை தட்டினோம். கண்ணில் துணி கட்டியிருந்த லெய்மாராவும் தட்டினாள். படக்காரர் அவளைப் பார்த்துவிட்டார். “கண்ணுல கட்டு போட்டிருக்கற அம்மா, முன்னாடி வாங்க. அமைச்சர் தோள்ல கை வைப்பார், சிரிங்க.” அவளும் சிரித்தாள்.

அதன்பிறகு பன்றி வந்தது. கழியில் கட்டி நான்கு பேர் தூக்கி வந்தார்கள். வளைந்த தந்தம் உள்ள பெரிய பன்றி. கொடுத்தவர் எங்கள் ஊர்த் தலைவர் கால்தாவா, லெய்மாராவின் சொந்தத் தாய்மாமன். விருந்தாளி பன்றியின் முதுகைத் தொட வேண்டும். தொட்டால் அது அவருடையது, அவர் போகும்போது கூடவே போக வேண்டும். விட்டுவிட்டுப் போனால் ஊரின் முகத்தில் காறித் துப்பியதாக அர்த்தம். அமைச்சர் மூக்கைச் சுருக்காமல் இருக்க மிகவும் பாடுபட்டு, ஒற்றை விரலால் தொட்டார்.

விமானி தாசோ என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “மேலாளரே, அமைச்சரை எடை போட்டீங்களா?”

“கிழங்கு நிறுக்கற தராசுல அவரை எப்படி ஏத்துறது? செயலாளரைக் கேட்டேன், எழுபதுன்னார்.”

“அது அவர் கல்யாணத்தப்ப இருந்த எடை. நான் நூறுன்னு போட்டுக்கறேன்.” புல்லைக் காலால் அழுத்திப் பார்த்தார். தண்ணீர் பொங்கியது. “ஈரம். ஓடுபாதையும் நீளம் கம்மி. பன்னியா, உங்க வீட்டம்மாவா? ஒண்ணுதான் ஏறும்.”

நான் தலைவரிடம் ஓடினேன். “மாமா, அந்தப் பன்னி...”

“தொட்டுட்டாரே மாப்ளே.” அவர் தரையைப் பார்த்தார். “இப்ப அது அவரு பன்னி. அடுத்தவங்க பன்னியை இறக்குன்னு சொல்ல எனக்கு வாயில்ல.”

“உங்க மருமக கண்ணு மாமா.”

“தெரியாதா எனக்கு? நான் தூக்கி வளர்த்த பொண்ணுடா அவ.”

மனைவியின் மாமனிடம் அதற்குமேல் வாதாடும் வழக்கம் எங்களிடம் இல்லை. செயலாளரிடம் போனேன். நீங்கள் வியாழக்கிழமை வரக்கூடாதா என்று கெஞ்சினேன்.

“நான் இங்க தங்கிட்டா, சாயங்காலம் ரேடியோவுல அமைச்சர் பேச்சை யாருய்யா படிக்கறது?”

பேச்சுக்குப் படம் வேண்டுமாம், ஆகவே படக்காரரும் அவசியம். காவலர், அமைச்சரை ஆகாயத்தில் யார் காப்பாற்றுவது என்று கேட்டார். கடைசியாக அமைச்சரிடமே போனேன். அவர் என்னை ‘வருகை’ வாசலுக்குள் இழுத்தார்.

“தம்பி, எனக்கு மட்டும் இது வேணும்னு ஆசையா? என் வீடு மூணாவது மாடியில இருக்கு. ஆனா வேணாம்னு சொன்னேன்னா இந்தத் தீவுல எனக்கு ஒரு ஓட்டு விழாது. நீங்க வேணா உங்க தலைவர்கிட்ட பேசிப் பாருங்க.”

“பேசிட்டேங்க. உங்க பன்னின்னு சொல்றார்.”

“பார்த்தீங்களா!” என்று அவர் கையை விரித்தார்.

அந்தப் பன்றி அமைச்சருக்கு வேண்டாம், விமானிக்கு வேண்டாம், கொடுத்தவருக்கே வேண்டாம். பன்றிக்கும் போக விருப்பமில்லை. தீவே அதிரும்படி கத்தியது. இருந்தாலும் ஏற்றினோம். நானும் ஒரு பக்கம் பிடித்தேன். மேலாளர் பிடிக்காவிட்டால் யார் பிடிப்பது?

லெய்மாரா பையைக் கட்டிக்கொண்டு தராசின் மேலேயே நின்றிருந்தாள். “என்னங்க, அது என்ன எடை?”

“உன்னைவிட அதிகம்.”

“நான் கம்மிதானே? பின்ன ஏன் அதை ஏத்தறீங்க?”

அதற்குள் விமானம் சேற்றை வாரியிறைத்து ஓடி, கடைசித் தென்னையை உரசுவதுபோல மேலே போய்விட்டது. ஊர் ஆரவாரம் செய்தது. அவள் தராசிலிருந்து இறங்கினாள்.

தலைவர் மெல்ல வந்தார். “தப்பு என் பேர்லதாம்மா. வழக்கப்படி உனக்கு ஒரு பன்னி குடுத்துத் தீர்த்துக்கறேன்.”

“வேணாம் மாமா” என்றாள் லெய்மாரா. “அதையும் யாராவது வந்து தொட்டுடுவாங்க.”

வியாழக்கிழமை விமானம் வந்தது. விலாவுக்குப் போனோம். அங்கே இருந்த உள்ளூர் டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, முன்னாடியே வந்திருக்கக் கூடாதா என்று எங்களைத் திட்டினார். இப்போது எங்கே போனாலும் நான் அவளுக்கு இடது பக்கமாக நடக்கிறேன்.