எல்விரா வீட்டுச் சாய்தளம்

எல்விராவின் டிரெய்லர் வீட்டுக் கூடத்தில் அன்று நான்கு பேர் இருந்தார்கள். சன்னலோரம் சக்கர நாற்காலியில் அவள் கணவன் ஃபாஸ்டினோ, மடிமேல் கம்பளி. அடுப்புக்குப் பக்கத்து மடக்கு நாற்காலியில் அடுத்த வீட்டு ஹோதான்; வான்கோழி இறைச்சி ஆலையில் வேலை முடிந்து நேராக வந்தவள், ரப்பர் பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை. கதவருகே பெஞ்சின் நுனியில், எழுந்து போகப்போகிறவர் மாதிரி, அதே குடியிருப்பில் வசிக்கும் ஓரின். மேசையில் தாளும் பேனாவுமாக எல்விரா.

"தேதி போட்டியா?" என்றான் ஃபாஸ்டினோ.

"போட்டாச்சு."

"கம்பெனி விலாசம்?"

"கிட்னிதான் போச்சு, வாய்க்கு ஒண்ணும் ஆகல," என்றாள் எல்விரா. ஹோதான் சிரித்தாள். ஓரின் சிரிக்கவில்லை.

வீடு அவர்களுடையது. அது நிற்கிற தரைக்கு மட்டும்தான் வாடகை. பழைய முதலாளி இறந்ததும் அவர் பிள்ளைகள் அந்த டிரெய்லர் குடியிருப்பையே வெளிமாநிலக் கம்பெனி ஒன்றுக்கு விற்றுவிட்டார்கள். கம்பெனி வந்த கையோடு எல்லா வீட்டுக்கும் புது ஒப்பந்தம் அனுப்பியது. வீட்டோடு சேர்த்துக் கட்டிய எதையும், படிக்கட்டு நீங்கலாக, இந்த மாதத்துக்குள் அகற்றிவிட வேண்டும் என்று அதில் ஒரு வரி இருந்தது. எல்விரா வீட்டில் அப்படிக் கட்டியது ஒன்றே ஒன்று. வாசலிலிருந்து தரைவரை இறங்கும், ஓரின் கட்டிக்கொடுத்த மரச் சாய்தளம். வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸுக்கு ஃபாஸ்டினோவை ஏற்றிப்போக வேன் வரும். படியில் ஆளைத் தூக்கி இறக்க வேன் டிரைவர்களுக்கு அனுமதி கிடையாது. சாய்தளம் இல்லையென்றால் வேன் நிற்காமல் போய்விடும்.

எழுதியதை எல்விரா வாசித்தாள். "'ஐயா, எங்கள் பழைய ஒப்பந்தம் வரும் ஆகஸ்ட் வரை நடப்பில் உள்ளது. இடையில் அதை மாற்ற எங்கள் சம்மதம் தேவை. நாங்கள் சம்மதிக்கவில்லை. சாய்தளம் முந்தைய உரிமையாளரின் அனுமதியோடு கட்டப்பட்டது. அதைக் கட்டியவர் இதற்குச் சாட்சி.'"

"வக்கீலம்மா போன்ல சொன்ன மாதிரியே இருக்குக்கா," என்றாள் ஹோதான்.

எல்விரா தாளைத் திருப்பிப் பேனாவை நீட்டினாள். "ஓரின் அண்ணே, இங்க."

ஓரின் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்தார். "நான் புது ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டுட்டேம்மா. கம்பெனிக்காரங்கதான் பனி தள்ளுற வேலை கொடுத்திருக்காங்க. லாரியும் அவங்களோடது."

"லாரி கொடுத்தா நாக்கை வாங்கிக்குவாங்களாண்ணே?" என்றாள் ஹோதான்.

"நீ சும்மா இரு, பிள்ளை." அவர் ஃபாஸ்டினோவைப் பார்த்தார். "கையெழுத்து மட்டும் கேக்காத. அந்த மூணு நாளும் நானே வந்து உன்னைத் தூக்கி இறக்குறேன்."

"ஒரு ஃபிரிட்ஜைத் தூக்கி மாசக்கணக்கா படுத்தவன் நீ. நான் அதைவிடக் கனம்." ஃபாஸ்டினோ கம்பளியை இழுத்துவிட்டுக்கொண்டான். "அனுமதி கேக்கப் போனப்ப என்கூட வந்தவன் நீ ஒருத்தன்தான். 'நல்ல பலகையா பாத்துப் போடு'ன்னு பழைய முதலாளி சொன்னாரா இல்லையா?"

"சொன்னாரு."

"அதை எழுதுறதுக்கென்ன?"

ஓரின் தொப்பியின் மடிப்பை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அதைப் பிரிக்கச் சொல்லி எங்கிட்டதான் சொல்லியிருக்காங்க," என்றார். "திங்கக்கிழமை."

எல்விரா நீட்டிய பேனாவைக் கீழே வைத்தாள்.

"மாட்டேன்னா வேற ஆள் வருவான், எல்விரா. கோடாலியால பொளந்துட்டுப் போயிடுவான். நான்னா ஒவ்வொரு ஸ்க்ரூவாக் கழட்டி, பலகையை உங்க வீட்டுக்கு அடியிலயே அடுக்கிடுவேன். பின்னால வேணும்னா மாட்டிக்கலாம்."

"பின்னாலன்னா எப்ப?" என்றாள் எல்விரா.

அவர் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். அவள் இன்னொரு தாள் எடுத்தாள். ஒரு வரியை மட்டும் அடித்திருக்கலாம். அடித்தல் திருத்தலோடு கடிதம் அனுப்பி அவளுக்குப் பழக்கமில்லை. அதே வான்கோழி ஆலையில் எலும்பு பிரித்து வீங்கிய விரல்களை இரண்டு முறை உதறிக்கொண்டு, சாட்சி வரியை விட்டுவிட்டு முழுவதையும் மறுபடி எழுதினாள். தான் குடிவரும்போதே சாய்தளம் அங்கு இருந்தது என்று ஹோதான் தனக்குத் தெரிந்ததை எழுதிக் கையெழுத்திட்டாள். எல்விரா உறையை ஒட்டி, முன்கையால் அழுத்தித் தேய்த்தாள்.

"போஸ்டாபீஸ் மூடப்போறான். குளிர்ல கார் கிளம்பாது," என்றாள்.

ஓரின் எழுந்தார். "வா, நான் கொண்டு விடுறேன்."

"எதுல?"

"எங்கிட்ட வேற எது இருக்கு?"

ஃபாஸ்டினோவுக்குத் துணையாக ஹோதான் இருந்துகொண்டாள். லாரியின் இரண்டு கதவுகளிலும் கம்பெனியின் பெயர் பச்சை எழுத்தில் பெரிதாக இருந்தது. வழியெல்லாம் ஹீட்டர் மட்டும் இரைந்தது. போஸ்டாபீஸுக்கு எதிர்ச்சாரியில் வண்டியை நிறுத்தினார் ஓரின்.

"நேர் வாசல்ல வேணாம். மேனேஜர் இந்தப் பக்கந்தான் காப்பி குடிக்க வருவான்."

கவுண்டரில் இருந்தவர் உறையை எடை போட்டார். "ரிஜிஸ்தரா? யார் கையெழுத்துப் போட்டு வாங்குவாங்க?"

"பேர் தெரியாது. கம்பெனி பேரும் தபால் பெட்டி நம்பரும்தான் கொடுத்திருக்காங்க."

"சரி, யாராவது வாங்குவாங்க. புதன்கிழமை போய்ச் சேரும்."

"திங்களுக்குள்ள சேராதா?"

"அவ்வளவு தூரத்துக்கு வழியே இல்லம்மா."

அவர் முத்திரை குத்திக் கடிதத்தைப் பின்னாலிருந்த கூடையில் போட்டார். எல்விரா ரசீதை வாங்கிக்கொண்டு கண்ணாடிக் கதவுப் பக்கம் திரும்பினாள். தெருவுக்கு அந்தப்புறம் ஓரின் வண்டியை விட்டு இறங்கி நின்றிருந்தார். கையுறை இல்லாத கைகளால் ஓரத்துப் பனியை அள்ளி அள்ளி, லாரிக் கதவிலிருந்த பச்சை எழுத்துகளின்மேல் ஒவ்வொன்றாக அப்பிக்கொண்டிருந்தார்.