இரண்டு பக்கமும் அடித்த x

வீட்டுப்பாடத்தில் சிக்கிக்கொண்ட பிள்ளைகள் கணக்கைப் படம் பிடித்து அனுப்புவார்கள். இந்தப் பக்கம் ஓர் அறையில் பன்னிரண்டு பேர் கணினி முன் உட்கார்ந்து, மூன்று மணியிலிருந்து ஆறு மணிவரை வழி சொல்வார்கள். கேட்பவரின் பெயர் தெரியாது. மாணவர் எண் மட்டும் மேலே வரும். "மிஸ், நாளைக்கு டெஸ்ட், காப்பாத்துங்க" என்று அலறல் வரும். திறந்து பார்த்தால் கேள்வியை மட்டும் முத்து முத்தாக எழுதி, கீழே பூப்போட்டுக் கோடு கிழித்திருக்கும். அல்ஜீப்ரா என்றாலே பாதிப் பேருக்கு வயிற்றைக் கலக்கும், மீதிப் பேருக்குத் தூக்கம் வந்துவிடும்.

அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருத்தி அவள். அங்கே அவளுக்கு 'அடைப்புக்குறி மிஸ்' என்று பட்டப்பெயர். எந்தக் கணக்கு வந்தாலும் முதலில் அடைப்புக்குறி போடச் சொல்வாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை வந்த படத்தைத் திறந்தவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. x² = 5x. இரண்டு பக்கமும் ஒரு x-ஐச் சாய்கோடு போட்டு அடித்து, x = 5 என்று எழுதி, சரியா தப்பா என்று பார்ப்பதற்கு முன்பே விடையைச் சுற்றி வட்டம். மேலே இருந்த எண் அவள் மகனுடையது. அவன் காய்ச்சலில் போய்ப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது. எண்ணை ரத்து செய்யும் படிவத்தில் 'காரணம்' என்று ஒரு கட்டம் இருந்தது. அதை நிரப்ப மனம் வராமல் அப்படியே விட்டிருந்தாள்.

x-ஆல் வகுக்கிற தப்பைப் பாதிப் பிள்ளைகள் செய்வார்கள்தான். ஆனால் முதுகோடு முதுகு ஒட்டிய இரண்டு வளைவுகளாக x எழுதுகிற பிள்ளை அவளுக்குத் தெரிந்து ஒன்றே ஒன்று.

விரல்கள் பழக்கத்தில் தட்டின: 'x பூஜ்யமாக இருந்தால் அதால் வகுக்கலாமா?'

பதில் வந்தது. 'ஜீரோவா இருந்தா யாருக்கு நஷ்டம்?'

அது அவன் பேச்சு. இதே தப்புக்கு அவள் திட்டும்போதெல்லாம் காலை ஆட்டிக்கொண்டே அவன் சொல்லும் பேச்சு. அவளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. பயம்தான், ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது? பயத்துக்கு அடியில் கொள்ளை சந்தோஷம் இருந்ததே, அதுதான் அவளை இன்னும் மிரட்டியது. 'யார் நீ' என்று தட்டிவிட்டு, அனுப்பாமல் அழித்தாள். கேட்கப் போய், வருவதும் நின்றுவிட்டால்?

'ஒரு விடை காணாமல் போய்விடும். எல்லாவற்றையும் ஒரே பக்கம் கொண்டுவா. பொதுவான x-ஐ வெளியே எடு. அடைப்புக்குறி போடு' என்று எழுதினாள்.

அன்றிலிருந்து தினமும் ஐந்தரைக்கு ஒரு கணக்கு வந்தது. திரையில் அந்த எண் தலைகாட்டியதும், வேறு யாரும் எடுப்பதற்குள் பாய்ந்து எடுத்துக்கொள்வாள். நடுவில் ஒருநாள் பென்சில் அழுத்தமாகியிருந்ததைக் கவனித்தாள், கவனிக்காததுபோல் இருந்துவிட்டாள். வீட்டில் மூச்சுவிடவில்லை. கணவர் டயர் பஞ்சர் கடை வைத்திருந்தார். பிள்ளை போனபிறகு இருவருக்கும் நடுவே 'சாப்பிட்டாச்சா', 'கதவைச் சாத்தியாச்சா' என்ற இரண்டு வாக்கியங்கள்தான் மிச்சம்.

ஒன்பதாம் நாள், படத்தின் ஓரத்தில் ஒரு கட்டைவிரல் விழுந்திருந்தது. டயர் நெம்பும் இரும்பு விழுந்து பாதி கறுத்த நகம். பதினெட்டு வருஷமாக அவள் பார்த்துவரும் விரல்.

அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியிலேயே அவளுடைய பிள்ளை அவளுக்கு இன்னொரு முறை செத்தான். கொஞ்ச நேரம் கழித்து ஆத்திரம் வந்தது. தலைவலி என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

வீட்டில் மகனுடைய மேசை முன், கடை உடுப்போடு, கண்ணாடி போட்டுக்கொண்டு கணவர் உட்கார்ந்திருந்தார். எதிரே மகனின் கணக்கு நோட்டு.

"என்ன வேலைங்க இது? எனக்குப் பைத்தியம் பிடிக்கணும்னா?"

அவர் எழுந்திருக்கவில்லை. "கடையில சும்மா உக்கார முடியல. அவன் என்னதான் போட்டு வெச்சிருக்கான்னு பாத்தேன். நான் எட்டாவதோட நிறுத்தினவன், ஒண்ணும் புரியல. அதான் அவன் போன்லேர்ந்து அனுப்பினேன்."

"யாருக்கு நஷ்டம்னு கேட்டது?"

"ஓரத்துல அவனே எழுதி வெச்சிருந்தான். நிஜமாவே எனக்குத் தெரியல. கேட்டேன்."

"பதில் சொல்றது நான்தான்னு தெரியுமா?"

"முதல்ல தெரியாது. அடைப்புக்குறி போடச் சொன்னதும் தெரிஞ்சுபோச்சு."

அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். ஆத்திரம் வடிந்து, இத்தனை நாளும் அடக்கி வைத்திருந்த கேள்வி மட்டும் நின்றது.

"இன்னும் எத்தனை கணக்கு இருக்கு?"

அவர் பக்கங்களைத் திருப்பினார். "அவன் போட்டது போன வெள்ளிக்கிழமையோட தீர்ந்துபோச்சு. அப்புறம் வந்ததெல்லாம் நானாப் போட்டது."

பென்சிலை அழுத்திப் பிடித்து, முதுகோடு முதுகாக ஒட்டி எழுதிய x-கள். லேசாக நடுங்கியிருந்தன. இன்றைய கணக்கு 3x² = 12x. இரண்டு பக்கமும் x-ஐ அடித்து, x = 4 என்று எழுதி, சுற்றி வட்டம்.

"வகுக்கக் கூடாதுன்னு ஒன்பது நாளா சொல்றேன். திரும்பத் திரும்ப அதே தப்பா?"

"சரியாப் போடத் தெரியும்" என்றார் கணவர். "சரியாப் போட்டா நீ பேச மாட்டியே."