தோட்டத்து மேஜையும் சர்வேயர் மீசையும்

தம்பி தோட்டத்தில் டேபிள் டென்னிஸ் மேஜை கட்டப்போகிறான் என்று மனைவி வந்து சொன்னபோது சர்வேயருக்கு முதலில் உறுத்தியது அந்தக் ‘கட்டப்போகிறான்’தான். மேஜையை உலகத்தில் எல்லோரும் வாங்குவார்கள், இல்லையென்றால் தச்சரிடம் சொல்லிச் செய்வார்கள். சிமெண்டும் கம்பியும் வைத்துக் கட்டுகிறவன் வேறு எதையோ மனதில் வைத்திருக்கிறான் என்று அவருக்கு அப்போதே பட்டுவிட்டது.

விஷயம் வேறொன்றுமில்லை. அண்ணன் வீடு ஒரு பக்கம், தம்பி வீடு எதிர்ப்பக்கம், நடுவில் நாற்பது அடித் தோட்டம். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்பு அப்பா சொத்தைப் பிரித்தபோது தோட்டம் ஆளுக்குச் சரிபாதி என்று முடிவானது. வேறு ஆள் எதற்கு என்று சர்வேயர் தானே டேப்பைப் பிடித்து அளந்து, நடுக்கோட்டின் இரண்டு முனையிலும் ஒரு முழம் ஆழத்தில் கல் நட்டார். நட்டுவிட்டு, சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் மீசையை முறுக்கி, “இதுல ஒரு இஞ்ச் தப்பிருந்தாலும் இந்த மீசைய எடுத்துடறேன்” என்று சவால் விட்டார். யாரும் கேட்கவில்லைதான். அவராகவே விட்டார்.

சுவர் மட்டும் எழும்பவில்லை. ஏழு வருஷம் கழித்து, டைல்ஸ் வேலை செய்யும் தம்பி இரண்டு வீட்டு வாசலையும் இணைத்து ஒரு நடைபாதை போட்டுவைத்தான். அதில் சர்வேயரின் மனைவி ஒரு நாளைக்குப் பத்து தடவையாவது அந்தப் பக்கம் போய்வருவாள். துணி காயப்போடும் கொடி அங்கே, இஸ்திரிப் பெட்டி இங்கே. ஓரகத்திகள் இரண்டு பேருக்கும் அந்தப் பாதை இல்லாமல் பொழுது போகாது.

சர்வேயர் சும்மா இருக்கிற ஆளா? முப்பது வருஷம் அடுத்தவன் வேலியை அளந்தவர். ராத்திரியோடு ராத்திரியாகக் கல்லை நகர்த்துகிறவனையும், வரப்பில் செடி வைத்து மெல்ல மெல்ல மண்ணைத் தின்கிறவனையும் பார்த்துப் பார்த்து, ஓய்வு பெற்ற பிறகும் அவர் கண் அப்படியே பழகிப்போயிருந்தது. அதனால் தம்பியை நேரடியாக மறுக்காமல் ஒரு சோதனை வைத்தார். கடையில் நல்ல மேஜை கிடைக்கிறதாமே, மழை வெயில் தாங்குமாம், மடிக்கலாம், சக்கரம்கூட இருக்காம், வா பார்த்துவிட்டு வரலாம் என்று கூட்டிக்கொண்டு போனார். தம்பி அங்கே மேஜையின் ஓரத்தைக் கட்டைவிரலால் தட்டினான். அடியில் குனிந்து பார்த்தான். கடைக்காரர் ஐந்து நிமிஷம் பேசியதைப் பொறுமையாகக் கேட்டான். பிறகு அண்ணனிடம் வந்து, வெளியே போட்டால் ஒரு மழைக்காலம்தான், ஓரம் உப்பிவிடும், அப்புறம் பந்து எழும்பாது என்று சொல்லிவிட்டான்.

சக்கரம் வைத்ததை வேண்டாம் என்கிறான், அசைக்க முடியாததுதான் வேண்டும் என்கிறான். சர்வேயர் அதை மனதில் குறித்துவைத்துக்கொண்டார்.

மறு வாரம் வேலை ஆரம்பமானது. ஒன்பதடி நீளம், ஐந்தடி அகலம், இரண்டரை அடி உயரம், நெட் தோட்டத்துக்குச் சரி நடுவில், ஆளுக்குப் பாதி மேஜை என்று தம்பி கணக்காகத்தான் சொன்னான். ஆனால் கால்களுக்குக் குழி தோண்டியபோது சர்வேயர் எட்டிப் பார்த்தார். இரண்டடி ஆழம்! பந்தாடுகிற மேஜைக்கு எதற்கு வீட்டுக்குப் போடுகிற மாதிரி கடைக்கால் என்று கேட்டார். மழையில் மண் இளகினால் மேஜை ஒரு பக்கம் சாய்ந்துவிடும் என்றான் தம்பி. நெட்டுக்கு நூல் வலை கட்டாமல் இரும்புத் தகடு வெட்டிக்கொண்டு வந்தான். அதற்கும் பதில் வைத்திருந்தான், வலை மக்கிவிடுமாம். எது கேட்டாலும் ஒரு பதில் தயாராக வைத்திருப்பவனை எப்படி நம்புவது?

போதாததற்கு, அவர் தோட்டத்துப் பக்கம் போனாலே பேச்சு நின்றது. தம்பி மனைவி கொடுத்தனுப்பிய காபியில் என்றுமில்லாமல் அன்று சர்க்கரை சரியாக இருந்தது. தன் மனைவியோ, “அவன் ஆசையாக் கட்டறான், விடுங்களேன்” என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். சரி, வீட்டுக்குள்ளேயே ஆள் பிடித்துவிட்டான் என்று சர்வேயர் முடிவு கட்டினார். தம்பி வாயால் கேட்டிருந்தால் மொத்தத் தோட்டத்தையும் எழுதிக் கொடுத்திருப்பார். ஏமாற்றி எடுத்தால் மட்டும் ஒரு பிடி மண்ணைக்கூட விடமாட்டார். 

செங்கல் சூளைக்குப் போன் போட்டு ஒரு லோடு சொல்லிவைத்தார். நெட் நடுக்கோட்டைத் தாண்டித் தன் பக்கம் ஒரு இஞ்ச் வந்திருந்தாலும் மேஜையை இடித்துவிட்டுச் சுவர் எழுப்புவது என்று மனைவியிடம் சொன்னார். அவள் சிரிப்பு நின்றது.

“சுவர் வந்தா நான் எந்த வழியா போறது?” என்று கேட்டாள்.

தெருவைச் சுற்றிப் போ என்று சொல்லிவிட்டார்.

சிமெண்டில் வார்த்த மேல்பலகை இரண்டையும் பாலிஷ் போட்டு முடித்து, தண்ணீர் இறங்காமலிருக்கப் பூச வேண்டிய மருந்தை வாங்கத் தம்பி கடைக்குப் போன நேரம் பார்த்து, சர்வேயர் டேப்போடு தோட்டத்தில் இறங்கினார். இரண்டு கல்லுக்கும் நடுவே நூல் கட்டினார். நூலிலிருந்து இரும்புத் தகடு வரை அளந்தார். தகடு அவர் பக்கம் இருந்தது. ஒரு இஞ்ச் இல்லை, இரண்டு இஞ்ச் இல்லை, சுளையாக ஒரு அடி! மறுபடி அளந்தார். அதே ஒரு அடி. சந்தேகம் சரியாகப் போனதில் சந்தோஷப்பட வேண்டிய மனுஷன், அங்கேயே பாதையில் உட்கார்ந்துவிட்டார்.

செங்கல் லாரியும் தம்பியின் வண்டியும் ஒரே நேரத்தில் வந்தன. இறங்கும் செங்கல்லையும் கட்டியிருந்த நூலையும் பார்த்ததுமே தம்பிக்குப் புரிந்துவிட்டது. மருந்து டப்பாவைக் கீழே வைத்தான்.

“ஒரு அடிடா,” என்றார் சர்வேயர். “கூடப் பொறந்தவன்கிட்டயே ஒரு அடி முழுங்கியிருக்க.”

 சரி, மேஜையை இடித்துவிட்டு ஒரு அடி தள்ளிக் கட்டிவிடுகிறேன், சுவர் மட்டும் வேண்டாம் என்றான் தம்பி. இப்படி ஒரே பேச்சில் இறங்கி வந்தது சர்வேயரின் சந்தேகத்தை இன்னும் கிளறியது. தப்பு செய்யாதவன் எதற்கு இறங்கி வருகிறான்? ஒரு அடிக்கு ஒத்துக்கொள்கிறான் என்றால் உள்ளே இன்னும் எவ்வளவு இருக்குமோ என்று கத்தினார். கத்தலைக் கேட்டு இரண்டு வீட்டிலிருந்தும் பெண்கள் வெளியே வந்தார்கள்.

“ஏங்க,” என்றாள் சர்வேயரின் மனைவி. “அந்தப் பாதைக் கல்ல எண்ணிப் பாருங்க.”

“அண்ணி, வேணாம்,” என்றான் தம்பி அவசரமாக.

அந்த ‘வேணாம்’ போதாதா சர்வேயருக்கு? உடனே எண்ண ஆரம்பித்தார். தம்பி பதித்தது ஒரு அடிக்கு ஒரு அடி சதுரக் கல். தன் வாசலிலிருந்து நூல் வரை எண்ணினார். இருபத்தொன்று. நூலிலிருந்து தம்பி வாசல் வரை எண்ணினார். பத்தொன்பது. எங்கோ விட்டுவிட்டோம் என்று திரும்ப வந்தார், இந்தத் தடவை ஒவ்வொரு கல்லையும் காலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். இருபத்தொன்று. பத்தொன்பது.

பதினைந்து வருஷமாக அந்தக் கல்லின் மேல்தான் நடக்கிறார். ஊரில் உள்ள அத்தனை பேரையும் சந்தேகப்பட்டவர், தான் நட்ட கல்லைத் தன் வாசலிலிருந்து ஒரு தடவைகூட அளந்து பார்த்ததில்லை.

அன்றைக்குப் பிடித்த டேப் அப்போதுதான் ஞாபகம் வந்தது. பழைய துணி டேப், முனை கிழிந்திருந்தது. கிழிந்த டேப்பை ஒன்றாவது அடியில் பிடிப்பார்கள், கடைசியில் வருகிற கணக்கில் அந்த ஒரு அடியைக் கழிக்க வேண்டும். கழிக்க மறந்த, வேலை பழக வந்த பையன்களை எத்தனை தடவை திட்டியிருக்கிறார்! அன்று தம்பி வீட்டுச் சுவரில் டேப்பை வைத்து, ‘ஒண்ணுல பிடிடா’ என்று தம்பியிடமே சொல்லிவிட்டு, இருபது வந்த இடத்தில் கல்லை இறக்கியது இவர்தான். பத்தொன்பதடியில் தம்பியின் பங்கு முடிந்துபோயிருந்தது. இருபத்திரண்டு வருஷமாக அந்தத் தோட்டத்தில் ஒரே ஒரு ஆக்கிரமிப்பு, அது இவருடையது.

“உனக்கு எப்பத் தெரியும்?” என்று கேட்டார். 

“பாதை போட்டப்பவே. கல்லு எண்ணித்தானே வாங்கினேன்.”

“ஏன்டா சொல்லல?”

தம்பி அண்ணன் முகத்தைப் பார்த்தான். “ஒரு அடி மண்ணுக்காக உங்க மீசைய எடுக்கச் சொல்லவா, அண்ணே?”

ஓரகத்திகள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுக்கும் எத்தனையோ வருஷமாகத் தெரியும் என்பது அதிலேயே தெரிந்தது.

அப்படியானால் இப்போது மட்டும் எதற்கு மேஜையைச் சரியான நடுவில் கட்டினாய் என்று சர்வேயர் கேட்டார். பழக்கதோஷம், விடவில்லை. டைல்ஸ்காரன் எந்த வேலையையும் நடுவிலிருந்துதான் ஆரம்பிப்பான், கை அப்படிப் பழகிவிட்டது என்றான் தம்பி. பின்னால் நகர்ந்து ஆட இரண்டு பக்கமும் ஒரே அளவு இடம் வேண்டாமா?

“இல்லாட்டி தோத்ததும் நீங்க டேப்ப எடுத்துட்டு வந்துடுவீங்க,” என்றான்.

சர்வேயர் நூலை அவிழ்த்துச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார். கண்ணைத் துடைத்ததை யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் இரண்டு எல்லைக் கல்லும் பிடுங்கப்பட்டுச் செங்கல் குவியல்மேல் கிடந்தன. பூசிய மருந்து காய்ந்து மேஜை பளபளவென்று இருந்தது. தம்பி மட்டையோடு வெளியே வந்தான். அண்ணன் எதிர்ப்பக்கம் தயாராக நின்றிருந்தார். மூக்குக்குக் கீழே வெள்ளையாக, பச்சைக்குழந்தை மாதிரி ஒரு மேலுதடு.

தம்பிக்கு முதல் பந்தைப் போடக் கை வரவில்லை.

“என்னடா பாக்கற? போடு,” என்றார் சர்வேயர்.

நாலுக்குப் பதினொன்று என்று தோற்றார். டேப் வீட்டுக்குள்ளேயே இருந்தது.